பிஞ்சு மூச்சை அளந்த விதி: ராபர்ட் ஹூக்கின் கதை

(இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன் ஒருவன்)



ஹூக்ஸ் லா என்றால் என்ன? இரண்டு மார்க். எலாஸ்டிக் லிமிட்டுக்குள் ஸ்ட்ரெஸ்ஸும் ஸ்ட்ரெய்னும் நேர்விகிதத்தில் இருக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவோம். டிரைவிங் மெக்கானிசத்தில் ஹூக்ஸ் ஜாயின்ட் வரும்; படம் போட்டால் ஐந்து மார்க். அந்த ஹூக் யார், எந்த ஊர், என்ன பாடுபட்டார் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? நானும் கேட்டதில்லை. சென்ற ஆண்டு ஒரு ராத்திரி, மதுரையில் ஒரு மருத்துவமனையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்க நேர்ந்திராவிட்டால், இன்றும் கேட்டிருக்க மாட்டேன்.

என் அக்காவை வேடசந்தூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறோம். ஏழு மாதம் முடிந்து எட்டு பிறந்த சமயத்தில் திடீரென்று வலி எடுத்து, பெண் குழந்தை பிறந்துவிட்டது. எடை 1400 கிராம். அழவில்லை; ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு முனகல். நெஞ்சுக்குழி ஒரு சாண் துணியை உள்ளே இழுத்த மாதிரி அமுங்கி அமுங்கி எழுந்தது. ஏழாம் மாசத்துப் பிள்ளை தங்கும், எட்டாம் மாசத்துப் பிள்ளை தங்காது என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஒரு பழைய கணக்கைச் சொல்ல, அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஆம்புலன்சில் மதுரைக்குக் கொண்டுபோனோம்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அப்பா பூட்டுப் பட்டறைத் தொழிலாளி. ஆகவே டாக்டர் என்ன எழுதியிருக்கிறார், மெஷினில் என்ன ஓடுகிறது என்று பார்த்துவரச் சொல்லி, மச்சானும் அப்பாவும் சேர்ந்து என்னைத்தான் உள்ளே அனுப்பினார்கள். மூக்கிலும் வாயிலும் துணி கட்டி, பச்சை அங்கி மாட்டி, ஐந்து நிமிடம். வென்டிலேட்டர் திரையில் பத்துப் பன்னிரண்டு எண்கள். அதில் ஒன்று 0.6. பக்கத்தில் மில்லி லிட்டர் கீழே சென்டிமீட்டர் தண்ணீர் என்று யூனிட். அது என்ன என்று சிஸ்டரிடம் கேட்டேன். கம்ப்ளையன்ஸ், நுரையீரல் எவ்வளவு இளகிக் கொடுக்கிறது என்பதற்கான அளவு, இது ஏற வேண்டும் என்றார். ஒரு அழுத்தத்துக்கு எவ்வளவு விரிகிறது? அட, இது நம்ம ஸ்பிரிங் கணக்கு அல்லவா! வெளியே வந்து அப்பாவிடம், பாப்பா நெஞ்சுக்குள் இருக்கிற ஸ்பிரிங் ரொம்ப விறைப்பாக இருக்கிறது, அதை இளக வைக்க மருந்து கொடுக்கப் போகிறார்கள் என்றேன். அப்பாவுக்கு உடனே புரிந்துவிட்டது. முப்பது வருடமாகப் பூட்டுக்குள் ஸ்பிரிங் போடுகிறவர் ஆயிற்றே.

அந்த ஸ்பிரிங்கின் விதியைக் கண்டவர்தான் ராபர்ட் ஹூக். அவரைத் தேடிப் படிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகு. படிக்கப் படிக்க எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஏனென்றால், அவரே தங்காது என்று கைவிடப்பட்ட பிள்ளை!

இங்கிலாந்தின் தென் கரையை ஒட்டி வைட் தீவு என்று ஒரு சிறு தீவு. அங்கே ஃப்ரெஷ்வாட்டர் என்ற ஊரில் 1635ஆம் ஆண்டு ஜூலை 18 அன்று ஹூக் பிறந்தார். தந்தை அந்த ஊர் தேவாலயத்தில் ஊழியம் செய்த எளிய பாதிரியார். குழந்தை மகா நோஞ்சான். முதல் சில ஆண்டுகள் இது பிழைக்குமா என்று பெற்றோருக்கே நம்பிக்கை இல்லை. மாமிசம் செரிக்காது, பாலும் பழமும்தான் ஆகாரம். படிக்க உட்கார்ந்தால் தலைவலி. சரி, இவனைப் படிக்க வைத்துப் பயனில்லை என்று தந்தையும் விட்டுவிட்டார்.

விட்டுவிட்டதே நல்லதாயிற்று. பையன் தன் போக்கில் கைவேலையில் இறங்கினான். யாரோ ஒரு பழைய பித்தளைக் கடிகாரத்தைப் பிரித்துப் போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, மரத்தில் அதே மாதிரி ஒன்றைச் செய்தான். அது ஓடவும் செய்தது. கிட்டத்தட்ட ஒரு கஜ நீளத்தில் கப்பல் செய்து, பாய்மரக் கயிறெல்லாம் கட்டி, அதில் சின்னப் பீரங்கிகள் வெடிக்கும்படியும் வைத்தான். நம் ஊர்ப் பட்டறைகளில் பள்ளிக்கூடம் பிடிக்காமல் வந்து சேர்ந்து, ஒரே வாரத்தில் சாவி ராவக் கற்றுக்கொள்ளும் பையன்களைப் பார்த்தவர்களுக்கு இந்த ஜாதி மூளை எப்படிப்பட்டது என்று தெரியும்.

ஹூக்குக்கு 13 வயதில் தந்தை இறந்தார். கையில் கிடைத்த சொத்து 40 பவுன் பணம். அதை எடுத்துக்கொண்டு பையன் லண்டன் வந்தான். பீட்டர் லெலி என்ற பேர்பெற்ற ஓவியரிடம் கொஞ்ச நாள் இருந்தான். எண்ணெய்ச் சாயத்தின் வாடை தலைவலியைக் கிளப்பவே விட்டுவிட்டான். பிறகு வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளி. ரிச்சர்டு பஸ்பி என்ற தலைமையாசிரியர், பிரம்புக்குப் பெயர்போனவர், இந்தப் பையனை மட்டும் தன் வீட்டிலேயே வைத்துப் படிக்கவைத்தார். யூக்ளிடின் ஜியோமெட்ரியில் ஆறு புத்தகங்களை ஒரே வாரத்தில் முடித்தான் என்று ஒரு கதை உண்டு. நமக்கு ஒரு யூனிட்டுக்கே ஒரு செமஸ்டர் போதவில்லை!

இங்கே ஒன்றை நம் ஒர்க்ஷாப் நண்பர்களுக்காகச் சொல்லியாக வேண்டும். பதினாறு வயது வரை ஹூக்கின் முதுகு நேராகத்தான் இருந்தது. அதன்பிறகு வளையத் தொடங்கி, கடைசிவரை கூன் விழுந்த மனிதராகவே வாழ்ந்தார். காரணம் என்னவென்று அவரே சொல்லிக்கொண்டது எதைத் தெரியுமா? லேத்! இளம் வயதில் குனிந்தபடி லேத்தில் கடைசல் வேலை பார்த்துப் பார்த்து வந்த வினையாம். அது எலும்பு நோயாக இருக்கலாம் என்பது இன்றைய மருத்துவர்கள் கணிப்பு. எதற்கும் லேத்தில் நிமிர்ந்து நில்லுங்கள்.

1653இல் ஆக்ஸ்ஃபோர்டு சேர்ந்தார். பணம் கட்டிப் படிக்கும் மாணவராக அல்ல. வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு எடுபிடி வேலை செய்து, அதற்குப் பதிலாகப் படிக்கும் ஏழை மாணவருக்கு அங்கே ஒரு பெயரே இருந்தது. அந்தப் பிரிவில் சேர்ந்தார். காலையில் பேப்பர் போட்டு, சாயங்காலம் கடையில் நின்று, இடையில் காலேஜுக்கு வரும் நம் நண்பர்கள் சிலருக்கு இது புதுக் கதை அல்ல.

அங்கேதான் அவருக்கு ராபர்ட் பாயில் கிடைத்தார். பாயில் பெரும் பணக்காரர், பிரபுவின் மகன். யோசனை அவருடையது, ஆனால் கை? கை ஹூக்குடையது. உள்ளே இருக்கும் காற்றை இழுத்து வெளியேற்றும் பம்ப் ஒன்று பாயிலுக்குத் தேவைப்பட்டது. பிஸ்டன் கசியாமல், கண்ணாடி உடையாமல், அந்தக் காலத்துக் கருவிகளை வைத்துக்கொண்டு 1659 வாக்கில் அதைச் செய்து கொடுத்தவர் ஹூக். அந்தச் சோதனைகளின் வழியாக 1662இல் வெளிவந்ததே பாயில் விதி: அழுத்தம் கூடினால் கொள்ளளவு குறையும். இந்த விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தூங்கும் குழந்தையைப் பெட்டிக்குள் வைக்கும் இடத்தில் மறுபடியும் வரப்போகிறது.

அதே 1662இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரைச் சோதனைகளின் பொறுப்பாளராக நியமித்தது. ஒவ்வொரு வாரமும் கூட்டத்தில் மூன்று நான்கு புதிய சோதனைகளைச் செய்து காட்ட வேண்டும். ஆரம்பத்தில் சம்பளமே இல்லை! பிறகு சர் ஜான் கட்லர் என்ற வணிகர், சொற்பொழிவுகளுக்காக வருடம் 50 பவுன் தருவதாக ஏற்றுக்கொண்டு, நாளாவட்டத்தில் கொடுக்காமல் நிறுத்திவிட்டார். ஹூக் விடவில்லை. கட்லர் இறந்த பிறகும் வழக்கை நடத்தி, 1696இல் ஜெயித்தார். அப்போது அவருக்கு 61 வயது. வரவேண்டிய ஸ்காலர்ஷிப்புக்காக ஜன்னல் ஜன்னலாக நின்றவர்களுக்கு ஹூக் மேல் ஒரு தனிப் பாசம் வரத்தான் செய்யும்.

இனி மூச்சுக்கு வருகிறேன்.

ஒரு உயிர் ஏன் மூச்சு விடுகிறது? இன்று நான்காம் வகுப்புப் பிள்ளை சொல்லும். அன்று பெரிய பெரிய மருத்துவர்களுக்கே தகராறு. நுரையீரல் விரிந்து சுருங்கும் அந்த அசைவுதான் ரத்தத்தைத் தள்ளிவிட்டு உயிரை வைத்திருக்கிறது என்று ஒரு கட்சி. அசைவு அல்ல, உள்ளே போகும் காற்றுதான் முக்கியம் என்று இன்னொரு கட்சி. இதை ஹூக் எப்படித் தீர்த்தார் என்பது நம்மைப் போன்ற மெஷின்காரர்கள் யோசிக்கும் வழி.

எங்கள் தாத்தா காலத்தில் பட்டறையில் துருத்தி இருந்தது. தோல் துருத்தியை அமுக்கினால் காற்று போகும்; விட்டால் காற்று நிற்கும்; உலையில் நெருப்பு எழுந்து எழுந்து அடங்கும். ஒரே துருத்தி என்றால் அப்படித்தான். இரண்டு துருத்தியை மாற்றி மாற்றி அமுக்கினால்? காற்று நிற்கவே நிற்காது. 1664இல் ஹூக் ஒரு நாயின் மார்பைத் திறந்து, மூச்சுக் குழாயில் துருத்தியைப் பொருத்தி, ஒரு மணி நேரத்துக்கும் மேல் அதன் இதயத்தைத் துடிக்க வைத்தார். ஆனால் துருத்தி அமுங்கும்போதெல்லாம் நுரையீரலும் அசைந்ததால் கேள்வி தீரவில்லை. 1667 அக்டோபரில் மறுபடியும் செய்தார். இம்முறை நுரையீரலின் மேற்பரப்பில் கூர்மையான பேனாக்கத்தியின் நுனியால் சிறு துளைகள் இட்டார். இரண்டு துருத்திகளால் காற்றை விடாமல் செலுத்தினார். காற்று ஒரு பக்கம் நுழைந்து துளைகள் வழியே வெளியேறிக்கொண்டே இருந்தது. நுரையீரல் விரிந்தது விரிந்தபடி, அசையாமல் நின்றது. நாய் உயிரோடு இருந்தது! காற்றை நிறுத்தினால் துடித்தது, கொடுத்தால் அடங்கியது. அசைவு அல்ல, புதுக்காற்றே உயிர் காப்பது என்பது அன்றோடு முடிவானது.

இதைப் படித்தபோது எனக்கு அந்த நாயை நினைத்துச் சங்கடமாகத்தான் இருந்தது. மயக்க மருந்து இல்லாத காலம். ஹூக்குக்கும் அப்படித்தான் இருந்திருக்கிறது. 1664 சோதனைக்குப் பிறகு பாயிலுக்கு எழுதிய கடிதத்தில், அந்தப் பிராணி பட்ட வதையைப் பார்த்தபின் இனி இதைச் செய்ய மனம் வரவில்லை என்ற கருத்தைத் தெரிவித்திருக்கிறார். ஆனாலும் மூன்று வருடம் கழித்து, சொசைட்டி கேட்டுக்கொண்டதால் செய்தார். இதில் அவரை முழுக்க நியாயப்படுத்த என்னால் முடியவில்லை. ஆனால் தன் உடம்பையும் அவர் விட்டுவைக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். 1671இல் ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு பெட்டி செய்து, தானே உள்ளே உட்கார்ந்து, காற்றை இழுக்கச் சொன்னார். காது வலித்தது. வெளியே வந்து, என்ன ஆயிற்று என்று கூட்டத்தில் அறிக்கை கொடுத்தார்.

இதற்கு நடுவில் அவர் செய்த மற்ற வேலைகளைச் சொன்னால் இந்த மலரின் பக்கம் போதாது. 1665இல் மைக்ரோகிராஃபியா புத்தகம்: தெள்ளுப்பூச்சியைப் பக்கம் அடங்காத அளவுக்குப் பெரிதாக வரைந்து உலகத்துக்குக் காட்டினார். தக்கைத் துண்டில் கண்ட சிறு அறைகளுக்கு செல் என்று பெயர் வைத்தவரும் அவரே. 1666 செப்டம்பரில் லண்டன் எரிந்தது. 13,000 வீடுகளுக்கு மேல் சாம்பல். அந்த நகரத்தைத் திரும்பக் கட்டும்போது தெருத்தெருவாக அளந்து எல்லைக்கல் போட்ட சர்வேயர்களில் ஹூக் ஒருவர். (சிவில் நண்பர்கள் கவனிக்க!) தீயின் நினைவாக எழுந்த 202 அடித் தூண், அவரும் கிறிஸ்டோஃபர் ரென்னும் சேர்ந்து அமைத்தது, இன்றும் நிற்கிறது.

ஆனால் நம் கதைக்கு வேண்டியது ஸ்பிரிங். 1676இல் அவர் ஒரு சிறு புத்தகம் போட்டார். அதில்தான் நம் ஹூக்ஸ் ஜாயின்ட் இருக்கிறது. அதே புத்தகத்தின் கடைசியில், ஒரு வாக்கியத்தின் எழுத்துகளைப் பிரித்து அகர வரிசையில் கலைத்துப் போட்டு ஒரு புதிர் வைத்தார். கண்டுபிடித்தது நான்தான் என்று தேதி பதிவாக வேண்டும்; ஆனால் என்ன கண்டுபிடித்தேன் என்று எவனுக்கும் தெரியக் கூடாது! காரணம் இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் கைக்கடியாரத்துக்கான சுருள் ஸ்பிரிங் யாருடையது என்று ஹாலந்து நாட்டு ஹைகன்ஸோடு பெரிய சண்டை. சூடுபட்ட பூனை. 1678இல் புதிரை அவிழ்த்தார். நீட்சி எவ்வளவோ, விசையும் அவ்வளவு. இவ்வளவுதான் அதன் பொருள். சுருள் ஸ்பிரிங்கிலும், கடியாரச் சுருளிலும், கூரையிலிருந்து தொங்கவிட்ட நீளக் கம்பிகளிலும் எடை போட்டுப் போட்டுப் பார்த்துக் கண்டது. இது உலோகத்துக்கு மட்டும் அல்ல, மரம், கல், முடி, கொம்பு, பட்டு, எலும்பு, நரம்பு, கண்ணாடி எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று பட்டியலும் போட்டார்.

பட்டியலில் நுரையீரல் இல்லை! பதினொரு வருடம் முன்பு துருத்தியோடு கையில் நுரையீரலை வைத்திருந்த அதே மனிதர். காற்றுப் பம்ப் செய்த மனிதர். ஸ்பிரிங்கைக் கண்ட மனிதர். மூன்றும் ஒரே தலைக்குள் இருந்தும் ஒன்றோடொன்று கோக்கப்படவில்லை. கோப்பதற்குச் சுமார் 250 ஆண்டுகள் ஆயின.

எப்படிக் கோத்தார்கள் என்று நம் பாஷையில் சொல்கிறேன். ஸ்பிரிங்கில் விசையை நீட்சியால் வகுத்தால் விறைப்பு. நுரையீரலில் விசைக்குப் பதில் அழுத்தம், நீட்சிக்குப் பதில் உள்ளே போன காற்றின் அளவு. அதைத் தலைகீழாகப் போட்டு, காற்றின் அளவை அழுத்தத்தால் வகுத்தால் கம்ப்ளையன்ஸ். நல்ல நிறைமாதக் குழந்தைக்கு 1 செ.மீ. தண்ணீர் அழுத்தத்துக்கு ஏறத்தாழ 4 முதல் 6 மி.லி. வரை நுரையீரல் விரியும். மூன்று கிலோப் பிள்ளை ஒரு மூச்சுக்கு எடுப்பது சுமார் 18 மி.லி.; ஒரு பெரிய ஸ்பூன் கொள்ளும் அளவு. அதற்கு 4 செ.மீ. அழுத்தம் போதும். மூச்சுத் திணறும் குறைமாதப் பிள்ளைக்குக் கம்ப்ளையன்ஸ் 1 மி.லி.க்கும் கீழே போய்விடும். எங்கள் பாப்பாவின் 0.6ஐ வைத்து நானே பேப்பரில் போட்டுப் பார்த்தேன். 1400 கிராம் பிள்ளைக்கு ஒரு மூச்சு 8 மி.லி. என்று வைத்தால், 13 செ.மீ.க்கு மேல் அழுத்தம் வேண்டும். நிமிடத்துக்கு 60 முறை. விலா எலும்போ இன்னும் குருத்தெலும்பு. இழுக்கிற இழுப்பில் நுரையீரல் விரிவதற்குப் பதில் நெஞ்சே உள்ளே போய்விடுகிறது. அன்று நாங்கள் பார்த்த அமுங்கல் இதுதான்.

அளப்பது அவ்வளவு லேசா? பெரியவர்களிடம் ஊது, நிறுத்து என்று சொல்லலாம். பச்சைப் பிள்ளையிடம் யார் சொல்வது? முகத்தில் மெல்லிய மாஸ்க் வைத்து, அதன் வழியில் ஒரு சல்லடைத் தடை வைப்பார்கள். தடைக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம் காற்றோட்டத்தின் வேகத்தைச் சொல்லும். நம் வென்ச்சுரி மீட்டருக்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் கொள்ளளவு. அழுத்தத்துக்கு, உணவுக் குழாயில் நுனியில் குட்டி பலூன் வைத்த மெல்லிய குழாயை இறக்குவார்கள்; நெஞ்சுக்குள் இருக்கும் அழுத்தம் ஏறத்தாழ அதில் தெரியும். 1950களில் அமெரிக்காவின் பாஸ்டன் மருத்துவர்கள் இந்த வழியில்தான் நிறைமாத, குறைமாதக் குழந்தைகளை அளந்தார்கள். இன்னொரு வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. மூச்சை உள்ளே இழுத்து முடித்த கணத்தில் மாஸ்க்கின் வாயை ஒரு நொடி மூடினால், பிள்ளை திமிறாது; தானாகத் தசையைத் தளர்த்திவிடும். 1868இல் ஹெரிங், பிராயர் என்ற இருவர் கண்ட அனிச்சைச் செயல் இது. பெரியவர்களுக்கு மங்கிவிடும், சிசுவுக்கு வலுவாக உண்டு. அந்த ஒரு நொடியில் வாயில் தெரியும் அழுத்தமே நுரையீரலின் அழுத்தம். திறந்துவிட்டால் ஸ்பிரிங் சும்மா சுருங்குகிற மாதிரி காற்று வெளியே வரும். வந்ததை அளந்தால் ஆயிற்று. நுரையீரலில் மிச்சம் நிற்கும் காற்றை அளக்க, தூங்கும் குழந்தையைக் காற்றுப் புகாத கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, மூச்சுக்கு முயலும்போது பெட்டியின் அழுத்தம் எவ்வளவு மாறுகிறது என்று பார்ப்பார்கள். கணக்கு? பாயில் விதி! 1671இல் ஹூக் உட்கார்ந்த பெட்டி என் கண்முன் வந்து நின்றது.

நம் லேபில் கம்பியை இழுத்துவிட்டுத் தளர்த்தினால், ஏறிய கோட்டிலேயே இறங்கும். நுரையீரலில் அப்படி இல்லை. ஏறும் வழி வேறு, இறங்கும் வழி வேறு. ஏன் என்பதற்கு 1929இல் நீர்கார்டு என்ற மருத்துவர் வழி காட்டினார். பன்றியின் நுரையீரலில் காற்றுக்குப் பதில் திரவத்தை நிரப்பினார். மிகக் குறைந்த அழுத்தத்திலேயே விரிந்தது. அப்படியானால் விறைப்பின் பெரும்பங்கு சதையில் இல்லை. உள்ளே ஈரம் காற்றைத் தொடும் இடத்தில், பரப்பு இழுவிசையில் இருக்கிறது! சோப்பு நீரில் குமிழி எளிதாக வருவதுபோல, அந்த இழுவிசையைக் குறைக்கும் ஒரு வழுவழுப்பை நல்ல நுரையீரல் தானே சுரக்கிறது. திணறி இறந்த குறைமாதக் குழந்தைகளின் நுரையீரலில் அது இல்லை என்று 1959இல் மேரி எல்லன் ஏவரி, ஜெர் மீட் இருவரும் காட்டினார்கள். 34, 35 வாரத்தில்தான் அது போதிய அளவு சுரக்கும். ஆகவே வயிற்றில் ஒவ்வொரு வாரம் கூடக் கூட நல்லதே. ஏழு தங்கும் எட்டு தங்காது என்ற பெரியம்மாவின் கணக்கு தப்புக் கணக்கு. 1963இல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகனே இந்த நோயில் இரண்டு நாள்கூட நிறையாமல் இறந்தான். அப்போது மருந்து இல்லை. 1980இல் ஜப்பானில் ஃபுஜிவாரா என்பவர் மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்ததைக் குழாய் வழியே விட்டுக் குழந்தைகளைக் காப்பாற்றிக் காட்டினார். அந்த வகை மருந்தைத்தான் எங்கள் பாப்பாவுக்கும் கொடுத்தார்கள்.

ஹூக்கை நடுவில் விட்டுவிட்டேன். மன்னிக்கவும், அவரை எல்லோரும் அப்படித்தான் விட்டுவிட்டார்கள்.

அவருக்கும் நியூட்டனுக்கும் ஆகாது. 1672இல் ஒளியைப் பற்றி நியூட்டன் எழுதியதை ஹூக் குறை சொன்னார், தொடங்கியது பகை. 1686இல் ஈர்ப்பு விசை பற்றிய எண்ணத்தில் தனக்கும் பங்குண்டு என்றார் ஹூக், நியூட்டன் கொதித்துப்போனார். யார் பக்கம் நியாயம் என்றால், யோசனையில் ஹூக்குக்கும் பங்கு உண்டு, கணக்கில் நிரூபித்தது நியூட்டன் என்பதே எனக்குத் தெரிந்த வரையில் நேர்மையான பதில். ஹூக்கிடமும் குறை இருந்தது. யார் எதைக் கண்டாலும், அது என்னிடம் முன்பே இருக்கிறது என்பார். நூறு வேலையைத் தொட்டு, பலவற்றை முடிக்காமல் விட்டவருக்கு வரும் ஆற்றாமை அது.

கடைசிக் காலம் பரிதாபம். கால் வீங்கி, கண் மங்கி, கிரெஷாம் கல்லூரி அறையில் தனியாகக் கிடந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1703 மார்ச் 3 அன்று இறந்தார், வயது 67. பிச்சைக்காரர் போல வாழ்ந்தவர் அறையில் இருந்த பெட்டியைத் திறந்தால், 8,000 பவுனுக்கும் மேல் பணம்! உயில் எழுதி வைத்திருந்தார், கையெழுத்துப் போடவில்லை. அதே ஆண்டு நவம்பரில் நியூட்டன் ராயல் சொசைட்டியின் தலைவரானார். 1710இல் சொசைட்டி வேறு கட்டடத்துக்கு மாறியது. ஹூக்கின் படம் ஒன்று அங்கே இருந்தது என்கிறார்கள். மாறியபின் அதைக் காணோம். நியூட்டனே ஒழித்துவிட்டார் என்று சிலர் கதை கட்டுவார்கள், ஆதாரம் கிடையாது. இன்றுவரை இதுதான் ஹூக்கின் முகம் என்று உறுதியாகச் சொல்லும்படி ஒரு படம்கூட இல்லை. இந்தக் கட்டுரைக்குப் படம் கேட்ட மலர்க்குழு நண்பரிடம் ஒரு ஸ்பிரிங்கை வரைந்து போடச் சொல்லிவிட்டேன். புதைத்த இடமும் தங்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் அந்தத் தேவாலயத்து எலும்புகளை மொத்தமாக அப்புறப்படுத்தியபோது அவருடையதும் போய்விட்டது.

மதுரையில் மருந்து கொடுத்த மறுநாள் காலை நான் உள்ளே போனபோது திரையில் 1.1 இருந்தது. மூன்றாம் நாள் வென்டிலேட்டரை எடுத்துவிட்டு, மூக்கில் சின்னக் குழாய் வைத்தார்கள். குழாயின் மறுமுனை ஒரு பாட்டில் தண்ணீருக்குள், சரியாக 5 செ.மீ. ஆழத்தில், குமிழி விட்டுக்கொண்டிருந்தது. 5 செ.மீ. தண்ணீர் என்றால் 490 பாஸ்கல். விடாமல் ஓடும் காற்று. நுரையீரல் முழுக்கச் சுருங்காதபடி தாங்கிப் பிடிக்கும் அழுத்தம். பாப்பா முனகியதும் இதற்குத்தானாம். தொண்டையை மூடி, தானே அந்த அழுத்தத்தைப் பிடித்து வைக்கப் பார்த்திருக்கிறது. அப்பாவைக் கதவருகில் கூட்டிவந்து அந்தப் பாட்டிலைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, தாத்தா பட்டறைத் துருத்தி மாதிரியே இருக்கிறது, ஆனால் அமுக்குவதற்கு ஆள் வேண்டாம் போல என்றார்.

முப்பத்தி நான்காம் நாள் வீட்டுக்கு வந்தோம். போன மாதம் குலதெய்வம் கோயிலில் காதுகுத்து. தாய்மாமன் மடி என் மடிதான். ஆசாரி ஊசியை எடுத்ததும் பாப்பா போட்ட சத்தத்தில் வேப்பமரத்துக் காக்கையெல்லாம் பறந்தது. அழுது முடித்து என் மேலேயே தூங்கிவிட்டது. வாட்சைப் பார்த்து மூச்சை எண்ணினேன். நிமிடத்துக்கு 32.

செட்டாகி விட்டதா என்று பந்திக்கு நடுவில் அப்பா கேட்டார். பூட்டைத்தான் அவர் அப்படிக் கேட்பார். ஆகிவிட்டது என்றேன்.